வீணையும் சுமைகூலியும்

"சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்பது நம்மவர் நாவிற் பழகிப்போன பழமொழி. வேடிக்கைப் பேச்சாக இதனைச் சொல்லிச் சிரிப்பவர் பலர். தஞ்சாவூரிலிருந்து ஒரு வீணையை யாழ்ப்பாணத்துக்கு வருவிக்க முயன்ற ஒருவர் இதனைச் சொல்லும்போது மாத்திரம் சிரிப்பதில்லை. இசை பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும், இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடும் இடங்களிலும் அடிக்கடி கேட்கும் முறையீடு இதுவே. வாத்தியத்தின் விலையைக் கேட்டு மனந் துணிந்தவர்கள், அது கடல் கடந்து வருவதற்கான கூலியைக் கேட்டு மனந் தளர்கின்றனர்.

இது வணிகர் பேசவேண்டிய விடயம், இலக்கியப் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். ஒரு நாட்டில் எந்த இசைக்கருவி வாழும், எது வழக்கொழியும் என்பதை இரசிகரின் சுவையும் வித்துவான்களின் ஆற்றலுமே முடிவு செய்வதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பொதியின் நீள அகலமும் அந்த முடிவிற் பங்கு கொள்கின்றது. வயலின் பெருகுவதற்கும் வீணை அருகுவதற்கும் உள்ள காரணங்களுள் இதனையும் ஒன்றாக வைத்து எண்ணவேண்டிய நிலைமைக்கு நாம் வந்திருக்கின்றோம்.

சோழநாட்டுக் கருவிகள்

ஈழத்துத் தமிழர் கையாளும் இசைக்கருவிகளுட் பெரும்பாலானவை சோழநாட்டுக் கம்மியரின் கைவண்ணங்களே. வீணைக்குத் தஞ்சாவூர். பலாமரத்தைக் கடைந்து குடமும் தண்டியும் யாளிமுகமும் அமைக்கும் தொழிலை அங்குள்ள குடும்பங்கள் வழிவழியாகச் செய்து வருகின்றன. முழு வீணையையும் ஒரே மரத்திற் குடைந்தெடுப்பது ஏகாந்த வீணை. நாகசுரத்துக்குக் கும்பகோணத்துப் பக்கமுள்ள நரசிங்கம்பேட்டை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சாமரத்து உத்தரங்களை வாங்கி, நெடுநாள் உலர்ந்த அந்த மரத்திலேதான் அவ்வூரார் நாகசுரம் கடைகின்றனர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் கையாண்டு புகழ்பெறுவித்த நீண்ட பாரி நாகசுரமும் அவ்வூர் ஆசாரியாரின் கைவேலையே. அதற்கு முன்னர் குறுகிய திமிரி நாகசுரமே பெருவழக்கிலிருந்தது. இந்திய அரசின் புவிசார் குறியீடு தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டிலும், நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டிலும் கிடைத்தது. இன்ன பொருள் இன்ன ஊரினது என்று சட்டம் உறுதிசெய்துவிட்டது. அந்த ஊரிலிருந்து அது வெளியூர் செல்லும் வழியைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை.

ஒரு காலத்தில் அந்த வழி எளிதாகவே இருந்தது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 22 மைல் கடலைக் கப்பல் இணைத்தது. கொழும்பிற் பயணச்சீட்டு வாங்கியவர் அதே சீட்டுடன் சென்னை எழும்பூரிற் சென்று இறங்கலாம். போட் மெயில் என்று மக்கள் வழங்கிய அந்தப் பாதையிலே, திருவிழாக் காலங்களிற் சோழநாட்டு மேளகாரர் தம் நாகசுரத்தையும் தவிலையும் உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தனர். வித்துவான்கள் வந்தனர்; அவர்களுடன் வாத்தியங்களும் வந்தன. திரும்பிப் போகும்போது ஒரு வீணையையோ மிருதங்கத்தையோ தம் மாணவருக்கு விட்டுச் சென்றவரும் உளர். இணுவிலிலும் அளவெட்டியிலும் தவிலும் நாகசுரமும் வேரூன்றித் தழைத்து, தட்சணாமூர்த்தி போன்ற ஒரு தவில் மேதையைத் தமிழுலகுக்கு அளித்ததற்குப் பின்னால் இந்தப் போக்குவரவு இருந்தது. 1960ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி தோன்றி, மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் அங்கே அதிபராக இருந்து கற்பித்ததும் இரு கரைகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கக்கூடிய தொலைவில் இருந்தமையாலேயாம்.

1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களிற் போர் தொடங்கிய காலத்தில் நின்றுபோயிற்று. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. பின்னர் நேர்ந்தவற்றை வாசகர் அறிவர், ஈண்டு விரிக்கவேண்டுவதில்லை. இக்கட்டுரைக்கு வேண்டிய அளவிற் சொன்னால், கைப்பொதியாக வந்துகொண்டிருந்த ஒரு பொருள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கால இடைவெளியில் வணிகச் சரக்காக மாறிவிட்டது. கைப்பொதிக்குக் கூலி இல்லை. சரக்குக்கு உண்டு.

எட்டுக் கிலோ அறுபது கிலோவாகும் கணக்கு

கூலி எவ்வாறு ஏறுகிறது என்பதைச் சிறிது நின்று பார்ப்போம். ஒரு வீணையின் எடை ஏறத்தாழ 8 கிலோ. அதனை உறையிட்டு, மெத்தை வைத்து, பலகைப் பெட்டியில் அடைத்தால் 18 கிலோ ஆகிறது என்று கொள்வோம். இதைத் தூக்கிப் பார்க்கும் தந்தையார் ஒருவர், "பதினெட்டுக் கிலோவுக்கு என்ன பெரிய கூலி வரப்போகுது?" என்றுதான் கேட்பார். விரைவுப் பொதிச்சேவைக்காரர் தராசைப் பார்ப்பதில்லை. அவர் கையிலிருப்பது அளவுநாடா.

ஆகாய விமானத்தின் வயிற்றுக்குள் இடம் அருமை. பஞ்சுப் பொதியும் இரும்புப் பொதியும் ஒரே இடத்தை அடைத்தால், எடை குறைந்த பஞ்சினால் விமானக்காரருக்கு நட்டம். ஆகவே பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை 5000ஆல் வகுத்துக் கிடைப்பதை எடை என்று கொள்ளும் வழக்கம் விரைவுப் பொதிச்சேவைகளிடம் உண்டு. விமானச் சரக்குக்கு 6000ஆல் வகுப்பர். உண்மை எடை, இந்தக் கணக்கெடை இரண்டினுள் எது பெரிதோ அதற்கே கூலி.

வீணைப்பெட்டி 150 சென்ரிமீற்றர் நீளமும் 45 அகலமும் 45 உயரமும் உடையது என்க. பெருக்கினால் 3,03,750. இதனை 5000ஆல் வகுக்க வருவது 60.75. விமானச் சரக்குக் கணக்கிற்கூட 50 கிலோவுக்கு மேல். எட்டுக் கிலோ வாத்தியம் அறுபது கிலோ அரிசி மூட்டைக்குரிய கூலியைச் செலுத்துகின்றது. வீணையின் குடம் உள்ளே குடைந்த வெறும் வெளி. அந்த வெளியிலேதான் நாதம் பிறக்கிறது. பொதிக்காரரின் கணக்கில் அந்த வெளியும் எடையுள்ள பண்டம்.

தபால் வழியை நாடலாமே என்பர் சிலர். உலகத் தபால் ஒழுங்குகளின்படி ஒரு பொதியின் நீளமும், குறுக்கே சுற்றளந்த அளவும் சேர்ந்து 3 மீற்றருக்கு மேற்படலாகாது. மேற்சொன்ன பெட்டியின் நீளம் 150, சுற்றளவு 180. கூட்டினால் 330 சென்ரிமீற்றர். முப்பது சென்ரிமீற்றரால் வீணை தபாற்கந்தோர் வாசலிலேயே நின்றுவிடுகின்றது.

இதே அளவுநாடாவை ஏனைய வாத்தியங்களின்மேல் வைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஓர் உண்மை புலப்படும். நாகசுரம் நீண்டு மெலிந்தது. 100 சென்ரிமீற்றர் நீளமும் 20 சதுரமுமான பெட்டியில் அடங்குமாயின் கணக்கெடை 8 கிலோதான். வயலின் பெட்டி ஏறத்தாழ 80 நீளம், 25 அகலம், 15 உயரம். கணக்கெடை 6 கிலோ. அன்றியும் வயலினைக் கையிலேயே எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறிவிடலாம். மிருதங்கம் இடைத்தரமானது, 70 நீளமும் 40 சதுரமுமான பெட்டிக்கு 22 கிலோவைச் சற்று மிஞ்சும். நாகசுரத்தின் உயிரான சீவாளியோ சட்டைப்பையில் அடங்கும். காவிரிக்கரை நாணலிற் செய்யும் அந்தச் சிறு பொருள் எந்தக் காலத்திலும் எந்தத் தடையையும் பொருட்படுத்தாமல் யாருடைய பையிலாவது ஏறி வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

தம்புராவின் கதை இதற்கு நேர்மாறு. வீணையினும் பருத்த குடமுடைய அவ்வாத்தியத்தை வருவிக்க இன்று எவரும் முயல்வதில்லை. பெங்களூரில் இராடெல் நிறுவனத்தார் செய்து பரப்பிய மின்சாரச் சுருதிப்பெட்டியும் மின்னணுத் தம்புராவும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இப்போது கைத்தொலைபேசியே தம்புராவாகிவிட்டது. நாதத்தின் நயத்தை ஒப்பிட்டு நாம் இதை ஏற்றுக்கொண்டோமா? இல்லை. கொண்டுவர எளிது என்பதனால் ஏற்றுக்கொண்டோம். வீணைக்கு அப்படியொரு பெட்டி இன்னும் தோன்றவில்லை. தோன்றினாலும் அதனை மடியில் வைத்து மீட்ட முடியாது.

வயலினுக்கு வேறொரு வசதியும் உண்டு. சீன நாட்டில் ஹுவாங்ச்சியாவ் என்னும் ஊர் வயலின் ஊர் என்றே பெயர்பெற்று, தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாக வயலின்களைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றது. கொள்கலம் நிறைய வருபவற்றில் ஒவ்வொரு வயலினுக்கும் விழும் கூலி மிகச் சிறிது. வீணை தொழிற்சாலைப் பண்டமன்று. ஒரு பிள்ளைக்காக ஓர் ஆசாரியார் செய்த ஒன்று, ஒன்றாகவே வரவேண்டும்.

கூலிக்கும் வரி

வந்திறங்கிய பின்பு சுங்கம். நமது நாட்டிற் சுங்கத் தீர்வை கணிக்கப்படுவது பொருளின் விலைமேல் மாத்திரமன்று. விலை, காப்புறுதி, வழிக்கூலி மூன்றும் சேர்ந்த தொகையே பெறுமதியாகக் கொள்ளப்படும். இதன் கருத்து யாதெனின், கூலி உயர உயர வரியும் உயரும் என்பதே. வீணையின் விலை 100 பங்கு, அது வரும் கூலி 60 பங்கு என வைத்துக்கொள்வோம். 18 வீதமான ஒரு வரியை 160இன் மேல் விதித்தால் 28.8 பங்காகும், வீணைக்கு 18, கூலிக்கு 10.8. அதாவது வீணையை இங்கே கொண்டுவருவதற்காகப் பட்ட துன்பத்துக்கும் நாம் வரி செலுத்துகின்றோம். யாழ் வாசித்து மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்று கதை சொல்லும் அந்தப் பாணன், தன் யாழைத் தோளிற் சுமந்து கரையேறியபோது அவனை நிறுத்தி வினவ எவரும் இருக்கவில்லை. இருந்திருந்தால் இந்தக் குடாநாட்டுக்கு வேறு பெயர் வாய்த்திருக்கவுங் கூடும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்தக் கணக்கைப் பின்னும் கடினமாக்கியது. அவ்வாண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபா வரை சென்றது. பொதிச்சேவைக் கூலி டொலரிலே தங்கியிருப்பது. ஆசிரியரின் சம்பளம் ரூபாவில்.

நான் அறிந்த ஆசிரியை ஒருவர், வானூர்திக் கூலிக்கு அஞ்சிக் கடல்வழியே ஒரு வீணையை வருவித்தார். கூலி குறைந்தது, நாட்கள் நீண்டன. கொழும்பிற் பெட்டியைப் பார்த்த அதிகாரி, வீணையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றிக் கேட்டார். மரப்பலகைப் பெட்டிகளில் வண்டும் கறையானும் நாட்டுக்கு நாடு பரவாதிருக்க, பலகையின் உட்புறம் 56 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றி, அதற்குரிய முத்திரை குத்தியிருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. ஒட்டுப்பலகைக்கு இவ்விதி இல்லை. தஞ்சாவூர்த் தச்சர் கைக்குக் கிடைத்த நல்ல பலகையிலே அன்போடு பெட்டி செய்து அனுப்பியிருந்தார். முத்திரை இல்லை. அதற்கான கடிதப் போக்குவரவு முடியும்வரை வீணை பண்டசாலையிற் கிடந்தது. கிடந்த நாட்களுக்கு வாடகையும் ஏறியது. அடுத்து விலைச்சீட்டு. ஆசாரியார் தமிழிற் கையால் எழுதிக் கொடுத்த சிட்டையை ஏற்பதா இல்லையா என்று ஒரு வாரம் சென்றது.

வீடு வந்து பெட்டியைத் திறந்தபோது மரத்துக்கு ஒரு கீறலும் இல்லை. "வீணை வந்திட்டுது, மேளம் வரேல்லை" என்று அந்த ஆசிரியை சொன்னார். வீணை பயிலாத வாசகருக்கு இதனை விளக்கவேண்டும்.

மேளம் கட்டுதல்

வீணையின் தண்டியின்மேல் 24 மெட்டுக்கள் நிற்கின்றன. இரகுநாத நாயக்கர் தஞ்சையை ஆண்ட 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் இவ்வாறு இருபத்து நான்கு மெட்டுக்களும் நிலையாக அமைக்கப்பெற்றன என்பர். இவை மரத்தில் ஆணியால் அறையப்படுவதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இருமருங்கும் கரைபோல வார்த்து, அது இளகிய பதத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் பதித்து, காதாற் கேட்டுக் கேட்டு மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்திச் சுரத்தானத்தில் நிறுத்துவர். இதுவே மேளம் கட்டுதல். மரவேலை முடிந்த வீணை வெறும் உடல். மேளம் கட்டிய பின்பே அது வீணை. நல்ல தச்சர் எல்லாரும் மேளம் கட்டிவிட முடியாது. இதற்குக் கைத்திறனுடன் சுருதிஞானமும் வேண்டும்.

மெழுகு வெப்பத்துக்கு இளகும் பொருள். வெயிலில் நிற்கும் இரும்புக் கொள்கலத்தினுள்ளே வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆசிரியையின் வீணையில் மெழுகு இளகி, மேல்தாயி மெட்டுக்களிற் பல தம் இடம் விட்டுச் சாய்ந்திருந்தன. பொதி உடையாமல் வந்தமையால் நட்டஈடு கேட்கவும் இடமில்லை. அதைத் திருத்த யாழ்ப்பாணத்தில் ஆள் தேடினார். மிருதங்கத்துக்கு மூட்டுப் போடுவோரும் தவிலுக்கு வார் பிடிப்போரும் நம்மிடையே உளர். அவ்வளவில் நாம் பேறுபெற்றவரே. மேளம் கட்டுவோர் அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு திருமணத்துக்காக இந்தியாவிலிருந்து வந்த வித்துவான் ஒருவர் இரண்டு நாள் தங்கி, விளக்கும் மெழுகுமாக இருந்து ஓரளவு சீர்செய்து கொடுத்துச் சென்றார். அதுவரை அந்த வீணை பட்டுத்துணி போர்த்தபடி சுவாமியறையில் இருந்தது.

இந்நிகழ்ச்சி என் மனத்திற் பல நாள் நின்றது. புதிய வீணைகள் வருவதில்லையே என்று நாம் வருந்துகின்றோம். வந்த வீணைகள் எத்தனை வீடுகளில் ஊமையாகக் கிடக்கின்றன? தாயார் கற்றது, பெரியம்மா விட்டுச்சென்றது, கனடாவுக்குப் போன மச்சாள் பெட்டியோடு வைத்துவிட்டுப் போனது என்று நமது ஊர்களில் உள்ள பழைய வீணைகளை எண்ணத் தொடங்கினால், ஒரு பாடசாலைக்கு வேண்டியவை ஒரு கிராமத்திலேயே அகப்படும் என்று நம்புகின்றேன். அவற்றுக்கு மரம் போதும், நாதம் போதும். மெழுகு உலர்ந்து மெட்டுத் தளர்ந்துவிட்டது, பிருடை பிடிப்பதில்லை, அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து 60 கிலோக் கணக்கெடையில் ஒரு வீணையை வருவிப்பதா, அல்லது மெழுகு காய்ச்சத் தெரிந்த ஓர் ஆசாரியாரை ஒரு மாதத்துக்கு வருவித்து, இங்குள்ள பத்து வீணைகளுக்கு மேளம் கட்டுவித்து, இரண்டு இளைஞரை அவர் பக்கத்தில் இருத்திப் பழக்குவதா? ஆசாரியாருக்குக் கணக்கெடை கிடையாது. அவர் ஒரு பயணச்சீட்டிற் கப்பலேறிவிடுவார். இசைத்துறையைக் கொண்டுள்ள நமது பல்கலைக்கழகமும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் இது. யாழ்நூல் கண்ட அடிகளார், ஏட்டில் மறைந்துகிடந்த யாழைக் கணக்கிட்டு மீட்டெடுத்தார். நம் கண்முன் அறையின் மூலையில் நிற்கும் வீணையை மீட்பதற்கு அத்துணை ஆராய்ச்சி வேண்டியதில்லை.

முழு வீணையையே இங்கு செய்யலாமே என்ற கேள்வியும் எழும். பலா இந்நாட்டு மரந்தான். ஆயின் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உத்தரவுப்பத்திரமின்றிப் பலாவைத் தறிக்க முடியாது. உணவு தரும் மரம் என்பதனால் நேர்ந்த நல்ல சட்டம் அது, அதைக் குறைகூற மாட்டேன். பத்திரம் பெற்று மரம் வாங்கலாம். மரத்துக்கு முன் கை வேண்டும். கை பழகுவதற்கு மேளம் கட்டுவதிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம்.

தந்தமும் உடும்பும்

வேறொரு வகைத் தடையையும் குறிப்பிட்டுச் செல்வோம். பழைய வீணைகளில் யானைத்தந்தத்தால் அணிவேலை செய்வதுண்டு. தந்தத்தின் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்டிருப்பதனால், பாட்டியார் வீணையாயினும் அனுமதிப்பத்திரமின்றி எல்லை கடத்தல் குற்றமாகும். கஞ்சிராவுக்கு உடும்புத்தோலே ஏற்றது என்று வித்துவான்கள் சொல்வர். உடும்பு இரு நாடுகளிலும் சட்டத்தாற் காக்கப்படும் உயிர், ஆகவே இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத்தோலும் அதன் இடத்துக்கு வந்துள்ளன. பிருடைகளுக்குப் பயன்படும் ஈட்டிமரமும் 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கட்டுப்பாட்டுக்குள் வந்து, இசைவாணர் பலர் முறையிட்டதன் பேரில், 2019ஆம் ஆண்டு இறுதியில் முழுமைபெற்ற வாத்தியங்களுக்கு மாத்திரம் விலக்குக் கிடைத்தது. உலகின் பெரிய வாத்தியக்குழுக்களும் கிற்றார் செய்வோரும் சேர்ந்து குரல் எழுப்பியபோது விதி தளர்ந்தது என்பதை மனங்கொள்க.

கச்சேரிக்காக வருவோர்க்குச் சலுகை உண்டு. தற்காலிகமாகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும் வாத்தியங்களுக்கு வரி விதிக்காத சர்வதேசப் பத்திரமுறை ஒன்றை இந்தியாவும் இலங்கையும் ஏற்றுள்ளன. சபையில் ஒருநாள் ஒலித்துவிட்டுப் போகும் வீணைக்கு வரியில்லை. நம்முடன் தங்கி ஒரு பிள்ளையின் கையில் ஆயிரம் நாள் ஒலிக்கப்போகும் வீணைக்கு வரி. கல்வி, விஞ்ஞான, பண்பாட்டுப் பொருள்களின் இறக்குமதி பற்றி 1950ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை கண்டது; புத்தகங்களுக்கு அது பெருந்துணை. 1976ஆம் ஆண்டு நைரோபியில் அதனை விரித்தபோது இசைக்கருவிகளையும் ஓர் இணைப்பாகச் சேர்த்தனர். எனினும் அந்த இணைப்பைக் கைக்கொள்வதும் விடுவதும் நாடுகளின் விருப்பம் என்று விட்டுவிட்டனர். புத்தகமின்றிக் கல்வி இல்லை என்று உணர்ந்தவர்கள், வாத்தியமின்றி இசைக்கல்வி இல்லை என்பதை விருப்பத்துக்குரிய விடயமாக்கியது ஏனோ தெரியவில்லை.

நமது பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் ஒரு பரீட்சைப் பாடம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கும் ஆண்டுதோறும் பிள்ளைகள் தோற்றுகின்றனர். வாய்ப்பாட்டுக்கு வேண்டியது குரல் ஒன்றே. வீணைக்கு வீட்டில் ஒரு வீணை வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் ஆசிரியை வீட்டு வீணையில் அரைமணி நேரம் பயில்வதால் விரல் பதியாது. வீணையில் விருப்பமும் ஞானமும் உள்ள பிள்ளை, பெற்றோரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வாய்ப்பாட்டே படிக்கிறன் அம்மா" என்று சொல்லிவிடுகின்றது. புள்ளிவிபரங்களில் இது பதிவாவதில்லை.

மூன்று வீணைகள்

கடல்வழியே தனிப்பெட்டி அனுப்புவோர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. பலருடைய பொதிகளை ஒரே கொள்கலத்தில் ஏற்றும்போது, கூலியைக் கனமீற்றர் கணக்கிற் கொள்வர். ஒரு கனமீற்றருக்குக் குறைந்தாலும் ஒரு கனமீற்றருக்குரிய கூலியை வாங்குவது வழக்கம். மேற்சொன்ன வீணைப்பெட்டி ஒன்றின் கொள்ளளவு 0.304 கனமீற்றர். மூன்று பெட்டிகள் சேர்ந்தால் 0.911. ஆகவே தனித்து ஒரு வீணையை வருவிப்பவர், வராத இரண்டு வீணைகளுக்கும் சேர்த்தே கூலி கொடுக்கின்றார். துறைமுகச் செலவும் சுங்க முகவரின் கட்டணமும் பெரும்பாலும் பொதித்தொகுதிக்கே ஒழிய வீணை ஒன்றுக்கு இவ்வளவு என்பதன்று. மூன்று குடும்பங்கள், அல்லது மூன்று பாடசாலைகள் சேர்ந்து ஒரே பெயரில் வருவித்தால் ஒவ்வொருவர் பங்கும் ஏறக்குறைய மூன்றிலொன்றாகும். சங்கீத சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் இதனை முன்னின்று செய்யலாம். பெட்டி ஒட்டுப்பலகையில் இருக்கட்டும். விலைச்சீட்டு அச்சிட்ட தாளில், ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

மேளத்தைக் கட்டாமலே வீணையை வருவித்து, இங்கே வந்தபின் ஆசாரியாரைக் கொண்டு கட்டுவிப்பது இன்னும் நன்று. தண்டியைத் தனியே கழற்றக்கூடிய வீணைகளையும் இப்போது செய்கின்றனர். புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகள் தொரன்ரோவிலும் இலண்டனிலும் வீணை பயில்வதனாற் பெருகியதாகும் அந்தத் தேவை. ஏகாந்த வீணையின் நாதத்துக்கு அது ஈடாகாது என்போருடன் நான் வாதிடவில்லை. பெட்டி குறுகும், பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு அதுவும் வீணையே.

2019ஆம் ஆண்டில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, இடையில் நின்று, 2022ஆம் ஆண்டு மார்கழியிற் சென்னையிலிருந்து விமானம் மீண்டும் வரத் தொடங்கியது. அவை சிறிய விமானங்கள். வீணைப்பெட்டி போன்ற நீண்ட பொதிக்கு இடமுண்டோ என்பதை முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு முற்பகலிற் போய்விடலாம். சரக்குக்கென்று அமைந்த கப்பலன்று அது. பயணி தம்முடன் கொண்டுவரும் பொதியே அதில் ஏறும். எனினும் கைப்பொதியாக வாத்தியம் வந்த பழைய வழி ஓரளவு திறந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

ஆயின் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்தில் அக்கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. நம் பிள்ளைகளை வீணைக்கு இருத்துவது விசயதசமியில். மழை தொடங்குவதும் அதனை அடுத்தே. நல்ல ஆசாரியாரிடம் இன்று சொன்னால் நாளை வீணை கிடைத்துவிடாது; மரம் தேர்ந்து, கடைந்து, உலர்த்தி முடிக்கச் சில மாதங்களாகும். ஆகவே வருகின்ற நவராத்திரிக்கு வீணை வேண்டுவோர் சித்திரைக்கு முன்னரே சொல்லிவைத்து, ஆவணி கழியுமுன் கரைசேர்த்துவிட வேண்டும்.